கருவூல வாசலில் ஓர் அதிகாரி

அரிஸ்டோஃபனீஸின் ‘லைசிஸ்ட்ராட்டா’வைப் படிக்காதவர்களுக்கும் அதன் கதை ஒரு வரியில் தெரியும்: போர் நிற்கும்வரை கணவன்மாரோடு படுக்கமாட்டோம் என்று கிரேக்கப் பெண்கள் சபதம் எடுத்தார்கள். நாடகத்தின் புகழ் முழுக்க அந்த ஒரு வரியின் தோளில்தான் இருக்கிறது. ஆனால் பெண்களை அடக்குவதற்காக அரசின் சார்பில் மேடையேறும் அதிகாரிக்கு அந்தச் சபதத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவர் வந்த காரியமே வேறு. போர்க்கப்பலுக்குத் துடுப்பு செய்ய மரம் வாங்க வேண்டும். அதற்குப் பணம் எடுக்க அக்ரோபோலிஸ் குன்றுக்கு வருகிறார். கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கிறது.

தாழிட்டவர்கள் கிழவிகள். இளம்பெண்கள் சபதம் எடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், பூசை செய்யப் போகிற சாக்கில் வயதான பெண்கள் குன்றேறிக் கோயிலையும் கருவூலத்தையும் கைப்பற்றிவிட்டார்கள். நாடகத் தலைவி லைசிஸ்ட்ராட்டாவின் திட்டத்துக்கு இரண்டு கைகள். ஒன்று படுக்கையறையை மூடுகிறது, மற்றது பெட்டகத்தை மூடுகிறது. உலகம் முதல் கையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. அதிகாரியைப் பதறியடித்து ஓடிவரச் செய்தது இரண்டாவது கை.

நாடகம் கி.மு. 411இல் அரங்கேறியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் சிசிலியில் ஏதென்ஸின் படை அடியோடு அழிந்திருந்தது. 415இல் புறப்பட்ட முதல் கடற்படையில் 134 போர்க்கப்பல்கள். துணைக்குப் போன இரண்டாவது படையில் 73. பிடிபட்டவர்கள் ஏழாயிரத்துக்குக் குறையமாட்டார்கள் என்றும் அவர்கள் சிராக்கியூஸின் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள் என்றும் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். தோல்வி நேர்ந்த அதே 413இல் ஸ்பார்ட்டாக்காரர்கள் ஏதென்ஸுக்கு அருகிலேயே டெக்கெலேயாவில் கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸ் பக்கத்திலிருந்து ஓடிப்போனார்கள்.

ஒரு போர்க்கப்பலுக்கு 170 துடுப்புக்காரர்கள். ஆளுக்கொரு துடுப்பு, நான்கு மீட்டர் அளவு நீளம். அதற்கேற்ற மரம் ஏதென்ஸ் மண்ணில் கிடையாது, மாசிடோனியா போன்ற வடநாடுகளிலிருந்து வர வேண்டும். ஸ்பார்ட்டாவுடன் போர் தொடங்கிய 431இல் அக்ரோபோலிஸில் வெள்ளி நாணயமாக மட்டும் ஆறாயிரம் தாலந்து இருப்பதாக ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் மக்களிடம் கணக்குச் சொன்னார். அதிலிருந்து ஆயிரம் தாலந்தைத் தனியே எடுத்துவைத்தார்கள். எதிரியின் கப்பற்படை நகரையே தாக்காத நிலையில் அதைத் தொடலாம் என்று தீர்மானம் கொண்டுவருபவனுக்கு மரண தண்டனை. 412இல் கியோஸ் தீவு கைநழுவியதும் அந்தத் தடையை நீக்கி அந்தப் பணத்திலும் கைவைத்தார்கள். துடுப்புக்குக் காசு கேட்டு ஓர் அதிகாரி மூச்சிரைக்கக் குன்றேறுவதைப் பார்த்த ஏதென்ஸ்காரனுக்கு, அது கற்பனைக் காட்சியாகத் தெரிந்திருக்காது.

அதிகாரிக்குப் பெயர் இல்லை, பதவி மட்டும் உண்டு: புரொபூலோஸ். சிசிலித் தோல்விக்குப் பிறகு, மக்கள் சபை அவசரப்பட்டு முடிவெடுப்பதால்தான் இப்படி ஆகிறது என்று பயந்துபோன ஏதென்ஸ், பத்து முதியவர்களைக் கொண்டு ஒரு முன்னாலோசனைக் குழுவை அமைத்தது. ஆம்ஃபிபோலிஸ் நகரை நிறுவிய ஹாக்னோன் அதில் ஒருவர். சோஃபோக்ளீஸ் என்ற பெயரும் அதில் வருகிறது. ‘ஈடிப்பஸ்’ எழுதிய முதியவர்தான் அவர் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். ஜனநாயகம் தன்மீதே நம்பிக்கை இழந்த வேளையில் உருவாக்கிய பதவி அது. அரிஸ்டோஃபனீஸ் கேலிக்குத் தேர்ந்தெடுத்தது ஏதோ ஒரு முரட்டுக் கணவனை அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மேடைக்கு வந்ததும் அவர் கதவைப் பார்ப்பதற்கு முன்பே புலம்பத் தொடங்குகிறார். பெண்களின் ஆட்டபாட்டம் தாங்கவில்லை. மேளம், சபாசியோஸ் சாமி, கூரைமேல் ஏறி அடோனிஸுக்கு ஒப்பாரி. உதாரணமும் வைத்திருக்கிறார். சிசிலிக்குப் படை அனுப்ப வேண்டும் என்று டெமோஸ்ட்ராட்டோஸ் சபையில் தீர்மானம் கொண்டுவந்தபோது, அவருடைய மனைவி கூரையில் ஆடிக்கொண்டு அடோனிஸ் செத்தான் என்று அழுதாளாம். கணவர் ஆள் திரட்டச் சொன்னபோது அவள் குடிபோதையில் மார்படித்துக்கொள்ளச் சொன்னாளாம்.

அதிகாரியின் பார்வையில் இது பெண்களின் அடங்காமைக்குச் சான்று. பார்வையாளருக்கு வேறொன்று கேட்டிருக்கும். அந்தத் தீர்மானத்தின் முடிவு ஊரிலிருந்த எல்லோருக்கும் தெரியும். சபையில் ஆண்கள் ஒரு பேரழிவுக்கு வாக்களித்துக்கொண்டிருக்க, கூரையில் ஒருத்தி இளமையில் செத்தவனுக்காக மாரடித்திருக்கிறாள். சிசிலிக்குப் போய்த் திரும்பாத ஒருவனாவது பார்வையாளரில் பலர் வீட்டில் இருந்திருப்பான். யார் சொன்னது சகுனம், யார் சொன்னது கொள்கை என்று பிரித்துப் பார்க்க அதிகாரிக்கு மட்டும் தோன்றவில்லை.

அடுத்து ஆண்களைத் திட்டுகிறார். கழுத்துமாலையின் கொக்கி கழன்றுவிட்டது, நான் சலாமிஸ் போகிறேன், நீ மாலையில் வந்து மாட்டிவிட்டுப் போ என்று பொற்கொல்லனிடம் சொல்லும் கணவன். மனைவியின் சுண்டுவிரலைச் செருப்பு வார் கடிக்கிறது, மதியம் வந்து தளர்த்திவிடு என்று செருப்புத் தைப்பவனிடம் சொல்லும் கணவன். இரட்டை அர்த்தம் தெறிக்கும் அந்த நகைச்சுவைக்குள் ஓர் அரசியல் கருத்தும் ஒளிந்திருக்கிறது. அவருடைய உலகில் பெண் தானாக எதையும் செய்வதில்லை. தவறு நடந்தால் ஓர் ஆண் கயிற்றைத் தளர்த்தியிருக்கிறான் என்று பொருள். கருவூலம் பறிபோனதற்கும் அவர் கண்டுபிடித்த காரணம் கணவன்மார் செல்லம் கொடுத்ததுதான். எதிரே நிற்பவர்களுக்கு ஒரு நோக்கம் இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்குக் கடைசிவரை வருவதில்லை.

கதவை நெம்பக் கடப்பாரை கொண்டுவரச் சொல்கிறார். அதற்கு வேலையே இல்லாமல் லைசிஸ்ட்ராட்டா தானாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார். இப்போது வேண்டியது கடப்பாரை அல்ல, கொஞ்சம் புத்தி என்கிறார். அதிகாரி கைது செய்ய உத்தரவிடுகிறார். ஏதென்ஸில் ஒழுங்கு காக்கும் வேலையைச் செய்தவர்கள் வில் ஏந்திய சிதிய அடிமைகள், அரசுக்குச் சொந்தமானவர்கள். முதல் வில்லாளி ஓரடி வைத்ததும் ஒரு மிரட்டல், இரண்டாமவனுக்கு இன்னொரு பெண்ணிடமிருந்து மிரட்டல். படையே பின்வாங்குகிறது. பெண்களிடம் தோற்பதா என்று அதிகாரி அணிவகுக்கச் சொன்னதும், லைசிஸ்ட்ராட்டா உள்ளேயிருந்து சந்தைக்காரிகளைக் கூப்பிடுகிறார். கீரை, பயறு, பூண்டு, ரொட்டி விற்பவர்களையும் சத்திரக்காரிகளையும் ஒரே மூச்சில் ஒட்டி, வாய்க்குள் அடங்காத இரண்டு கூட்டுச்சொற்களாக அரிஸ்டோஃபனீஸ் ஆக்கியிருக்கிறார். வில்லாளிகள் உதைபட்டு ஓடுகிறார்கள். எதிரியின் ஆயுதத்தைக் கொள்ளையடிக்காமல் திரும்புங்கள் என்று லைசிஸ்ட்ராட்டா தளபதியைப் போல ஆணையிடுகிறார்.

கைது உத்தரவு செல்லாமல் போகும் அந்தக் கணம் மேடைக்கு மட்டும் உரியதல்ல. 2003 ஜூலையில் கானாவின் தலைநகர் அக்ராவில் லைபீரிய உள்நாட்டுப் போருக்கான சமாதானப் பேச்சு வாரக்கணக்கில் இழுத்தபோது, லேமா போவீயின் தலைமையில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, உடன்பாடு வராமல் யாரும் வெளியே போகக் கூடாது என்றார்கள். நீதிக்கு இடையூறு என்று சொல்லி போவீயைக் கைது செய்யக் காவலர்கள் வந்தார்கள். அவர் அங்கேயே தன் உடைகளைக் களையத் தொடங்கினார். தாயின் வயதுள்ளவள் ஆண்கள் முன் நிர்வாணமாவது பெரும் சாபம் என்று கருதப்படும் மண் அது. காவலர்கள் நின்றுவிட்டார்கள். மத்தியஸ்தராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சித் தலைவர் அப்துல்சலாமி அபுபக்கர் வெளியே வந்து பெண்களோடு பேசினார். ஆகஸ்ட் 18இல் உடன்பாடு கையெழுத்தானது. 2011இல் போவீக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது பல பத்திரிகைகளுக்குச் செய்தியாகத் தெரிந்தது அவர்கள் நடத்திய பாலுறவு மறுப்புப் போராட்டம்தான். அதனால் நடைமுறைப் பயன் பெரிதாக இல்லை, ஊடகங்களின் கவனம் கிடைத்தது என்று போவீயே தன் நினைவுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார்.

வில்லாளிகள் ஓடிய பிறகு அதிகாரிக்குப் பேசுவதைத் தவிர வழியில்லை. விசாரணை நடத்தும் தோரணையில் கேள்வி கேட்கிறார். ஏன் கதவை அடைத்தீர்கள்? பணத்தைப் பத்திரப்படுத்த, அது இல்லாவிட்டால் நீங்கள் போர் செய்ய முடியாது. பணத்தை யார் நிர்வகிப்பார்கள்? நாங்கள். நீங்களா? வீட்டுப் பணத்தை நாங்கள்தானே பார்த்துக்கொள்கிறோம், இதிலென்ன அதிசயம்? அதுவும் இதுவும் ஒன்றல்ல. ஏன்? இது போருக்கான பணம். போரே வேண்டாமே. அப்புறம் எப்படிப் பிழைப்பது? நாங்கள் காப்பாற்றுகிறோம். எனக்கு அது வேண்டாமென்றால்? அதனால்தான் இன்னும் கட்டாயமாகக் காப்பாற்ற வேண்டும்.

உரையாடலின் சாரம் இவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, அதிகாரியின் ஒவ்வொரு பதிலும் முந்தைய பதிலைவிடக் குறுகிப்போவது. பெண்ணால் பணத்தைக் கையாள முடியாது என்று அவரால் வாதிட முடியவில்லை. ஏதென்ஸின் சட்டப்படி ஒரு பெண் ஒரு மெதிம்னோஸ் அளவு பார்லியின் மதிப்புக்கு மேல் எந்த ஒப்பந்தமும் செய்ய முடியாது. அவள் சார்பில் பேச எப்போதும் தந்தையோ கணவனோ மகனோ ஒரு காப்பாளன் வேண்டும். ஆனால் தானியக் குதிரின் சாவியும் அடிமைகளின் வேலைப் பங்கீடும் நெசவுக் கணக்கும் அவள் கையில். சட்டம் சொல்வதும் வீட்டில் நடப்பதும் வேறுவேறு என்பதை அந்த அரங்கில் இருந்த ஒவ்வொருவனும் அறிவான். அதிகாரி சட்டத்தின் பக்கம் நின்று பேசுகிறார், லைசிஸ்ட்ராட்டா சமையலறையின் பக்கம் நின்று பேசுகிறார். கருவூலத்தை வீட்டுப் பணத்திலிருந்து பிரிக்க அதிகாரியிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சொல் போர். அதை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பிறகு வருகிறது முக்காட்டுக் காட்சி. இத்தனை நாள் நீங்கள் சபையில் எடுத்த மோசமான முடிவுகளை வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டோம் என்கிறார் லைசிஸ்ட்ராட்டா. உள்ளே வலித்தாலும் வெளியே சிரித்துக்கொண்டு, இன்று உடன்படிக்கை பற்றி என்ன முடிவாயிற்று என்று கணவனிடம் கேட்டால் வாயை மூடச் சொல்வான்; மூடிக்கொள்வோம். இன்னும் கேட்டால், போய் நூல் நூற்காவிட்டால் தலையில் வலி வரும் என்று முறைப்பான். போர் ஆண்களின் வேலை என்பான். அந்தக் கடைசிச் சொற்கள் ஹோமரின் ‘இலியட்’டில் ஹெக்டர் தன் மனைவி ஆந்த்ரோமக்கியிடம் சொல்பவை. ஏதென்ஸில் எழுத்துக் கற்ற ஒவ்வொரு பையனும் மனப்பாடம் செய்த காவியம் அது. வீட்டுச் சண்டையிலும் ஆண்கள் ஹோமரைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள் என்கிறார் லைசிஸ்ட்ராட்டா. முக்காடு போட்டவள் சொல்லி நான் மூடுவதா என்று அதிகாரி கொதிக்கிறார். அதுதான் தடையென்றால் இந்தாருங்கள் என்று அவர் தலையிலேயே முக்காட்டைப் போட்டு, கையில் கம்பளிக் கூடையைக் கொடுத்து, பயறு மென்றுகொண்டு நூற்கச் சொல்கிறார்கள் பெண்கள். போர் இனிப் பெண்களின் வேலை. ஹெக்டரின் வாக்கியம் தலைகீழாகிறது.

அன்றைய அரங்கில் நடித்தவர்கள் எல்லோருமே ஆண்கள். லைசிஸ்ட்ராட்டாவும் முகமூடிக்குள் இருக்கும் ஓர் ஆண்தான். ஓர் ஆண் தன் தலையிலிருந்து முக்காட்டை எடுத்து இன்னோர் ஆணின் தலையில் போடுகிறான். எந்தத் துணி யார் தலையில் இருக்கிறது என்பதுதான் பேசும் உரிமையைத் தீர்மானிக்கிறது என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது. அதிகாரியின் கோபமும் தற்செயலாக அதையே ஒப்புக்கொள்கிறது. அவர் குறை சொன்னது லைசிஸ்ட்ராட்டாவின் கருத்தை அல்ல, முக்காட்டை.

அடுத்து அவர் கேட்பது நியாயமான கேள்வி: இத்தனை நாடுகளின் குழப்பத்தை எப்படித் தீர்ப்பீர்கள்? சிக்கலான கம்பளி நூலைப் பிரிப்பது போல என்று லைசிஸ்ட்ராட்டா தொடங்கி, ஒரு முழு அரசியல் திட்டத்தையே சொல்லிவிடுகிறார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூதர்களை அனுப்பிச் சிக்கெடுப்பது. ஆட்டுரோமத்தைக் கழுவுவது போல நகரின் அழுக்கைப் போக்குவது. பதவிக்காகக் கூட்டுச் சேர்ந்து முடிச்சாகிவிட்டவர்களைப் பிய்த்தெடுப்பது. பிறகு எல்லோரையும் ஒரே கூடையில் போடுவது: குடியேறிய அயலார், நட்பாக இருக்கும் வெளியூரார், அரசுக்குக் கடன்பட்டு உரிமை இழந்தவர்கள், தூரத்தில் சிதறிக் கிடக்கும் குடியேற்ற நகரங்கள். அதிலிருந்து பெரிய கண்டு உருட்டி மக்களுக்கு ஒரு மேலாடை நெய்வது. ஏதென்ஸ் குடியுரிமைக்குத் தாயும் தந்தையும் குடிமக்களாக இருக்க வேண்டும் என்று 451இல் பெரிக்ளீஸ் சட்டம் கொண்டுவந்திருந்தார். அந்த ஊரில் நின்றுகொண்டு அயலாரைக் கலந்து நெய்யச் சொல்வது சாதாரணப் பேச்சல்ல. பான்அதினேயா விழாவில் அதீனா தேவிக்குச் சார்த்தும் ஆடையை நெய்பவர்கள் பெண்கள் என்பதால், நெசவில் அரசியல் இல்லை என்றும் யாரும் சொல்லிவிட முடியாது.

அதிகாரி திட்டத்தை மறுக்கவில்லை. இவர்களுக்குப் போரில் பங்கே கிடையாது, கம்பளியும் கண்டும் பேசுகிறார்கள் என்று தகுதிக் கேள்விக்குத் தாவுகிறார். லைசிஸ்ட்ராட்டாவின் பதில் ஒரே வாக்கியம்: எங்கள் பங்கு இரண்டு மடங்கு, பிள்ளைகளைப் பெற்றுப் படைக்கு அனுப்புகிறோம்... அவர் முடிக்கும் முன்பே அதிகாரி குறுக்கிடுகிறார்: போதும், பழைய வேதனையைக் கிளறாதே. அந்தக் காட்சியில் அதிகாரி வேடிக்கை மனிதராக இல்லாத ஒரே இடம் அது. சிசிலி என்ற பெயரை யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. எதிர்வாதம் இல்லாததால் அவர் தடுக்கவில்லை, கேட்கத் தாங்காமல் தடுக்கிறார். ஆனாலும் தடுக்கத்தான் செய்கிறார். துக்கத்தின் கணக்கை யார் எடுப்பது என்பதையும் அதிகாரமே முடிவு செய்ய வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை உறுதி.

லைசிஸ்ட்ராட்டா விடவில்லை. கன்னிகள் அறைக்குள்ளேயே முதுமை அடைகிறார்கள் என்கிறார். ஆண்களும் முதுமை அடைகிறார்களே என்கிறார் அதிகாரி. நரைத்துத் திரும்பிவரும் ஆண் மறுநாளே சிறுபெண்ணைக் கட்டிக்கொள்வான், பெண்ணின் பருவமோ குறுகியது என்று பதில் வருகிறது. அதற்கும் அதிகாரி ஓர் ஆபாச நகைச்சுவையைத் தொடங்கப்போக, பெண்கள் அவரைப் பிணமாக அலங்கரிக்கிறார்கள்: மாலை, தேன் பணியாரம், செத்தவர்களை அழைத்துப்போகும் கேரோனின் படகு காத்திருக்கிறது என்ற அறிவிப்பு. இந்தக் கோலத்திலேயே போய் என் சக அதிகாரிகளிடம் காட்டுகிறேன் பார் என்று கத்திக்கொண்டு அவர் வெளியேறுகிறார். மனம் மாறவில்லை. புகார் கொடுக்கப் போகிறார்.

அதிகாரி தோற்றதால் பெண்கள் ஆண்டுவிட்டார்கள் என்று நினைத்தால் அரிஸ்டோஃபனீஸ் ஏமாற்றிவிடுவார். போர் முடிகிறது, ஆனால் சமாதானம் மேடைக்கு வருவது ஒரு நிர்வாணப் பெண்ணின் உருவில். ஏதென்ஸ்காரனும் ஸ்பார்ட்டாக்காரனும் அவளுடைய உடலைச் சுட்டிக்காட்டியே எந்த ஊர் யாருக்கு என்று பங்கு பிரிக்கிறார்கள். மனைவிமார் வீடு திரும்புகிறார்கள். கருவூலத்தின் சாவி பழைய கைக்கே போகிறது. நாடகாசிரியர் அதிகாரியைக் கேலி செய்தாலும், அதிகாரியின் கவலையை முழுதாகக் கைவிடவில்லை. பெண் கையில் அதிகாரம் வந்தது, வந்த வேலை முடிந்ததும் போய்விட்டது என்பதே நகைச்சுவையின் உடன்படிக்கை.

ஒரு விதிவிலக்கு அந்தக் குன்றிலேயே இருந்தது. அதீனா போலியாஸ் கோயிலின் பூசாரிணியாக 64 ஆண்டுகள் இருந்தவர் லைசிமாக்கே. அவருக்குச் சிலை எடுத்ததை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். நாடகம் அரங்கேறிய காலத்தில் அந்தப் பதவியில் இருந்தவர் அவராகவே இருக்கலாம், நாடகத் தலைவியின் பெயரே அவரை நினைவூட்டவே சூட்டப்பட்டது என்று 1955இல் டி. எம். லூயிஸ் என்ற வரலாற்றறிஞர் எழுதினார். கருவூலத்தின் பக்கத்தில் நிற்கப் பெண்ணுக்கு உரிமை கொடுத்தது கடவுள் மட்டுமே.

சுமார் இருபது ஆண்டுகள் கழித்து ‘பெண்கள் சபை’ நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் இதை மறுபடி எழுதிப் பார்த்தார். இம்முறை பெண்கள் கதவை அடைக்கவில்லை. பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு, கணவன்மாரின் உடைகளில் விடியுமுன் சபைக்குப் போய், ஆட்சியைப் பெண்களிடம் ஒப்படைக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றிவிடுகிறார்கள். தலைவி பிராக்ஸகோராவின் கணவன் ப்ளெப்பிரஸ் தன் உடையைக் காணாமல், மனைவியின் மஞ்சள் ஆடையை மாட்டிக்கொண்டு அவசரத்துக்குத் தெருவில் ஒதுங்க இடம் தேடுகிறான். அங்கே எதிர்க்க ஓர் அதிகாரியே கிடையாது. நகரம் எல்லா முறையையும் முயன்று பார்த்துக் களைத்துவிட்டிருந்தது.

ஆனால் 411இல் அதிகாரிகள் களைத்திருக்கவில்லை. நாடகத்தில் லைசிஸ்ட்ராட்டா அதிகாரியிடம் ஒரு பெயரைச் சொல்கிறார்: பீசாண்டர். அவனைப் போலப் பதவிக்கு அலைபவர்கள் திருடுவதற்கு வசதியாகத்தான் ஏதாவது ஒரு கலவரத்தைக் கிளப்பிவிடுகிறார்கள் என்கிறார். அதிகாரி அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

ஏறக்குறைய அதே குளிர்காலத்தில் உண்மையான பீசாண்டர் உண்மையான சபையில் எழுந்து, பாரசீக மன்னனின் பணம் வேண்டுமானால் ஜனநாயகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். எதிர்த்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, பிழைக்க வேறு வழி உண்டா என்று கேட்டார் என்கிறார் துசிடிடீஸ். மேடையில் அதிகாரி லைசிஸ்ட்ராட்டாவைக் கேட்ட அதே கேள்வி. மேடையில் அதற்குப் பதில் இருந்தது. சபையில் யாரிடமும் இல்லை. சில மாதங்களில் முன்னாலோசனைக் குழுவின் பத்துப் பேரோடு இன்னும் இருபது பேரைச் சேர்த்து நகரைக் காப்பாற்றும் வழிகளை எழுதச் சொன்னார்கள். நகருக்கு வெளியே கொலோனஸில் கூடிய சபையில் நானூறு பேரின் ஆட்சி நிறுவப்பட்டது. யாரும் கடப்பாரை கேட்கவில்லை, வில்லாளிகள் உதைபடவில்லை. சாவி ஒழுங்காகக் கைமாறியது. இது உனக்கு மோசமாகத் தெரியவில்லையா என்று பிற்பாடு பீசாண்டர் சோஃபோக்ளீஸைக் கேட்டதை அரிஸ்டாட்டில் பதிவு செய்திருக்கிறார். மோசம்தான், வேறு நல்ல வழி இல்லாததால் ஒப்புக்கொண்டேன் என்றாராம்.

சாமோஸ் தீவில் நின்ற ஏதென்ஸின் கடற்படை அந்த ஆட்சியை ஏற்கவில்லை. நாடுகடந்து வாழ்ந்த ஏதென்ஸ்காரர் ஆண்டோகிடீஸ் மாசிடோனிய மன்னனிடம் துடுப்பு மரம் வாங்கி லாபம் வைக்காமல் அந்தப் படைக்குக் கொடுத்துவிட்டு, நன்றியை எதிர்பார்த்து ஏதென்ஸுக்கு வந்தார். எதிரிக்குத் துடுப்பு கொடுத்தவன் என்று மன்றத்தில் அவர்மீது குற்றம் சாட்டியவர் பீசாண்டர். பலிபீடத்தைப் பற்றிக்கொண்டதால் ஆண்டோகிடீஸ் அன்று உயிர் தப்பினார். நானூறு பேரின் ஆட்சி நான்கு மாதம் நீடித்தது. அது கவிழ்ந்ததும் பீசாண்டர் ஸ்பார்ட்டாக்காரர்களிடம், டெக்கெலேயாக் கோட்டைக்கு, ஓடிப்போனார்.